மன்னவனூர் ஆட்டுப் பண்ணை

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால் கிராமத்தை அடுத்த மன்னவனூரில் உள்ள செம்மறியாடு, முயல் ஆராய்ச்சிப் பண்ணை. ராஜஸ்தானில் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இது. 1965இல் தொடங்கப்பட்டது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரார் பேச்சில் நீண்ட பெயரெல்லாம் கிடையாது, ‘ஆட்டுப் பண்ணை’தான்.

இவ்வளவு உயரத்தில் பண்ணை அமைந்ததற்குக் காரணம் கம்பளி. தமிழ்நாட்டுச் சமவெளியின் செம்மறிகளான மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு ஆகியவற்றுக்கு உடலில் குட்டை முடிதான் உண்டு, கம்பளி கிடையாது. வெயில் காயும் நிலத்துக்கு அதுவே பொருத்தம். கோயமுத்தூர் குறும்பையிலும் திருச்சி கருங்குறும்பையிலும் கம்பளி உண்டு என்றாலும் அது முரட்டுக் கம்பளி. மெல்லிய கம்பளி தரும் ஆடு வேண்டுமென்றால் குளிருள்ள இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடம் தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானல் அமைந்த பழனிமலைத் தொடரிலும்தான் போதிய பரப்பில் இருக்கிறது.

பண்ணையின் முதன்மை இனம் பாரத் மெரினோ. சோக்லா, மால்புரா, நாலி, ஜெய்சல்மேரி ஆகிய ராஜஸ்தான் பகுதிப் பெட்டை ஆடுகளோடு ரம்புயே, மெரினோ கிடாக்களைச் சேர்த்து அவிகாநகரில் உருவாக்கப்பட்ட கலப்பினம் இது. இரத்தத்தில் முக்கால் பங்கு வெளிநாட்டினுடையது. ரம்புயே என்பதும் மெரினோவின் கிளையே. 1786இல் ஸ்பெயினிலிருந்து பிரான்சு மன்னரின் ரம்புயே பண்ணைக்கு வந்த மந்தையின் வழி அது. ஸ்பெயினில் தொடங்கிய ஒரு வம்சம் பிரான்சையும் ராஜஸ்தான் மணலையும் கடந்து கூக்கால் பக்கத்துப் புல்லை மேய்கிறது.

பாரத் மெரினோவின் கம்பளி இழை ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமன் கொண்டது. ஆட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் இது புலப்படாது. மேற்புறம் புழுதியும் புல்துகளும் ஒட்டிச் சாம்பல் பூத்து, அழுக்கு மெத்தை போலத்தான் இருக்கும். இரு கைவிரல்களாலும் முதுகு மயிரை வகிடெடுத்துப் பிளந்தால்தான் உள்ளே பாலாடை நிறத்தில், நெருக்கமான சிற்றலைகளாகச் சுருண்ட இழை தெரியும். விரலில் பிசுபிசுப்பாக ஒட்டுவது கம்பளிக் கொழுப்பு. தோல்வரை மழை இறங்காமல் அதுதான் காக்கிறது. மயிர் கத்தரிப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும். அந்த நேரத்தில் மேனி மொட்டையான ஆடு தாங்காது.

குட்டி பிறந்ததுமே எடை பார்ப்பார்கள். காதில் எண் வில்லை ஏறும். தாய், தந்தை எண்கள் பதிவேட்டுக்குப் போகும். குறிப்பிட்ட மாதங்களில் மறுபடி எடை உண்டு. சிறிய மந்தையில் உறவுக்குள்ளேயே சேர்க்கை நடந்தால் இனம் நலிந்துவிடும் என்பதால் எந்தக் கிடா எந்தக் கூட்டத்தில் விடப்படுகிறது என்ற கணக்குதான் இத்தகைய பண்ணையின் உயிர்நாடி. ஈரக்காலத்தில் குளம்பழுகலும் குடற்புழுவும் தொல்லை தரும். வடகிழக்குப் பருவமழையில் கொசுவினும் சிறிய பூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோய் தமிழ்நாட்டுச் செம்மறி வளர்ப்போர் எல்லோருக்குமே அச்சம் தருவது. பண்ணையில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முதலிய இறைச்சி முயல் இனங்களும் வளர்க்கப்படுகின்றன.

    

அரிய இனம் என்ற கணக்கில் பாரத் மெரினோவைவிட நீலகிரிச் செம்மறிக்கே உரிமை அதிகம். கோயமுத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம் அது. உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி இன ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வருகிறது. பேணாத இனம் அழிந்துவிடும். பிரிட்டனில் லிங்கன்ஷயர் சுருள்முடிப் பன்றி 1972இல் அடியோடு அற்றுப்போனது; மறு ஆண்டே அங்கே அரிய இனங்களுக்கென ஓர் அறக்கட்டளை தோன்றியது. அந்நாட்டு வேளாண் கண்காட்சிகளில் இத்தகைய இனங்களைக் குளிப்பாட்டி, வளையத்துக்குள் நடத்தி, நடுவர் முன் நிறுத்துகிறார்கள். நம்மிடம் அந்த வேலையைச் செய்தவை கோயில் சந்தைகள். காங்கயம் மாட்டுக்குக் கண்ணபுரம், பர்கூர் மாட்டுக்கும் குதிரைக்கும் அந்தியூர் குருநாதசாமி ஆடித் திருவிழா. அங்கே நடுவர் மாடு வாங்க வந்தவர்தான். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை சொல்வார். அவர் தீர்ப்பில் தயவு தாட்சண்யம் இருக்காது.

கம்பளி ஆட்டுக்கு அப்படியொரு சந்தை அமையவில்லை. வாங்குபவர் கேட்பது கறி எடை. கம்பளி விற்ற காசு கத்தரித்த கூலிக்கே போதாத இடங்கள் நாட்டில் பல. கொடைக்கானல் கோடைவிழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்க் கண்காட்சியும் உண்டு. செம்மறிக்கு அங்கே மேடை இல்லை. ஆனால் மன்னவனூர் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் பச்சைச் சரிவில் வெள்ளை மந்தையைக் கண்டு வண்டியை நிறுத்துகிறார்கள். படம் எடுக்கிறவர்களில் மயிரை விலக்கிப் பார்ப்பவர் அரியர்.

அவர்கள் கண்டு மகிழும் புல்வெளியே சுருங்கிவருகிறது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் 66 விழுக்காடு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. சீகை, யூக்கலிப்டஸ், பைன் தோப்புகள் அதில் பெரும்பகுதியை விழுங்கின. ஆடு சீகையைத் தின்று கம்பளி தராது.