டீசலில் கலந்த உப்புத்தண்ணி

கப்பல் விபத்துன்னு சொன்னா உடனே டைட்டானிக்கும் பனிப்பாறையும்தான் ஞாபகம் வரும். டீசல்ல தண்ணி கலந்து, எஞ்சின் நின்னு, அதனாலயே ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் பாறையில மோதின கதையும் ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க மக்களே.

ருடால்ப் டீசலின் எஞ்சின், 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த சோதனையில், எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. நீராவி எஞ்சின்கள் பக்கத்தில்கூட வர முடியாத கணக்கு இது. 1912-ல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசலிலேயே கோபன்ஹேகனில் இருந்து பாங்காக் வரை போனது. வழியில் லண்டனில் சர்ச்சில் ஏறிப் பார்த்தார். புகைபோக்கியே இல்லாத கப்பலாச்சே, யாருக்குத்தான் ஆசை வராது! மறுவருஷமே, 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்து டீசல் காணாமல் போனார். அது தனிக்கதை.

ஆரம்பத்தில் எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதித்தான் சிலிண்டருக்குள் அனுப்பினார்கள். அதுக்கு ஒரு கம்ப்ரஸரையும் கூடவே சுமக்கணும். 1927-ல் பாஷ் கம்பெனி இன்ஜெக்ஷன் பம்பை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்ததும் எஞ்சின் சின்னதானது, லாரிக்கும் படகுக்கும் வந்தது. ஆனா ஒரு விலை இருந்துச்சு. அந்தப் பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம்ம தலைமுடியே எழுபது மைக்ரான் சுமாருக்கு இருக்கும். நடுவில் வாஷர் கிடையாது. ஓடும் டீசலே அதுக்கு மசகு. அதில் ஒரு துளி தண்ணியோ தூசியோ போனால் பம்புக்குக் கேடு. பில்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாதுன்னு ஆனது இப்படித்தான்.

இனி அந்தக் கப்பல். பேரு 'பிரேயர்'. 1993 ஜனவரியில் நார்வேயின் மாங்ஸ்டாடில் 84,700 டன் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு கனடாவின் கியூபெக் கிளம்பியது. கடும் புயல். மேல்தளத்தில் கட்டி வைத்திருந்த இரும்புக் குழாய்கள் அவிழ்ந்து உருண்டு, டீசல் டாங்கின் காற்றுக்குழாய்களை உடைத்தன. உடைந்த வாய் வழியா கடல் உள்ளே இறங்கியது.

ஜனவரி 4 சாயங்காலம் பாய்லர் அணைந்தது. டீசல்ல தண்ணி, மறுபடி பற்றவே இல்லை. பாய்லர் இல்லாமல் கனரக எண்ணெயைச் சூடாக்க முடியாது. சூடாக்காமல் அது ஓடாது. சரின்னு பெரிய எஞ்சினையும் டீசலுக்கு மாற்றினார்கள். அதே டீசல்! விடிகாலை 4.40-க்கு எஞ்சின் நின்றது, ஜெனரேட்டர்களும் நின்றன, கப்பல் முழுக்க இருட்டு. 34 பேரையும் ஹெலிகாப்டர்கள் பத்திரமாகத் தூக்கிவிட்டன. 11.19-க்கு கப்பல் ஷெட்லாந்து தீவின் கார்த்ஸ் நெஸ் பாறையில் ஏறியது. சுமந்து வந்த எண்ணெய் அத்தனையும் கடலில். லேசான எண்ணெய், பேயாட்டம் ஆடிய அலை, ரெண்டும் சேர்ந்து அதைக் கலைத்ததால் கரை ஓரளவு தப்பித்தது. ஆனா மீன்பிடிக்கத் தடை, சால்மன் பண்ணைகளுக்கு நஷ்டம்னு அடி விழுந்தது அங்கே உழைக்கிற சனங்களுக்குத்தான்.

இதுல எனக்கு உறைக்கிறது ஒண்ணுதான். தண்ணி டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சை வளர்ந்து கறுப்புச் சகதியாகும். கடல் அமைதியா இருக்கும்வரை அது அடியில் சும்மா கிடக்கும். அலை டாங்கைக் குலுக்கும்போதுதான் மொத்தமா கலங்கி பில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் நிக்கவே கூடாத நேரம் பார்த்து நிக்கும். தற்செயல் இல்லீங்க, இயற்பியல்!

சின்னப் படகுக்காரரின் வேலையும் இதுலயே இருக்கு. டாங்கை நிறைத்தே வைக்கணும், காலி இடத்தில்தான் காற்றின் ஈரம் தண்ணியாகும். முதல் பில்டரின் கிண்ணத்தில் சேரும் தண்ணியை அடிக்கடி திறந்து விடணும். பில்டரை மாத்தும்போது முதல்ல டாங்க் வால்வை மூடணும். எஞ்சின் பக்கத்துப் பில்டரில் வடிகட்டாத டீசலைக் கையால் ஊற்றக் கூடாது, கைப்பம்பால் நிரப்பணும். காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கிறவரை அடித்து, பிறகு இறுக்கணும். முக்கியமா, மாத்தின கையோடு கரையில் கட்டினபடியே கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும். உள்ளே காற்று மிச்சமிருந்தால் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும்.

பிரேயர் விபத்துக்குப் பின் நீதிபதி டொனால்ட்சன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1994-ல் வந்தது. பக்கம் பக்கமா பரிந்துரைகள். படிக்க நேரமில்லாதவங்க படகின் கிண்ணத்துத் தண்ணியையாவது திறந்து விடுங்க :-)