எல்லை கடக்கும் உடற்படங்கள்

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில் காலை வேளையில் ஏறியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கையிலே ஒரு பெரிய உறையை மடங்காமல் நெஞ்சோடு அணைத்தவாறு எவரேனும் ஒருவர் அமர்ந்திருப்பார். உறைக்குள் இருப்பது எக்ஸ்ரே படமாகவோ ஸ்கேன் படமாகவோ இருக்கும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு ஆஸ்பத்திரி இரு திசையிலும் உண்டு. ஒருபுறம் திருவனந்தபுரம், மறுபுறம் நெய்யூரும் நாகர்கோவிலும். எந்தத் திசையிலே சென்றாலும், மற்றத் திசையிலே எடுத்த படத்தை நோயாளியே சுமந்து செல்ல நேர்கிறது. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலருக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் இங்கே மாநில எல்லை என்பதே கிடையாது. தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டுமென்று கோரப்பட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. ஆனால் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அடுத்துள்ள விளவங்கோடும் கல்குளமும் கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதிகளாயின. கல்குளத்திலுள்ள நெய்யூரில்தான், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் வைத்தியப் பணியைத் தொடங்கியிருந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அங்கே பணிபுரிந்தவர் ஹோவர்டு சாமர்வெல். 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்டு, பிராணவாயுக் கருவியின் துணையின்றிச் சுமார் 28,000 அடி உயரம் வரை ஏறிய வீரர் அவர். மலையேற்றத்தால் உலகப் புகழ் பெற்றாரெனினும், தென் திருவிதாங்கூர் மக்களுக்கு அவர் அறுவை வைத்தியரே. நெய்யாற்றின்கரை தாலுகாவிலே எல்லையை ஒட்டியுள்ள காரக்கோணத்தின் மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நெய்யூரில் அவருடன் பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர், 1933-இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்று நோயைப் பற்றியது அது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை அக்கட்டுரை உலக வைத்தியர்கள் முன்னே வைத்தது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்று விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் விரிவான அறிக்கை வெளியிட்டது 2004-இல்.

மற்றொரு கட்டுரை இதைவிடச் சுவையானது. 1936-இல் சாமர்வெல்லும் ஓரும் சேர்ந்து, இப்பகுதியில் மிகுதியாகக் காணப்பட்ட சிறுகுடற் புண்ணைப் பற்றி பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்நாளில் ஆராய்ச்சியாளர்களின் கவனம் ஏழை மக்களின் உணவின்மீதே சென்றது. மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்க் காரமும் சத்துக் குறைவும் ஐயத்துக்கு ஆளாயின. 1982-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரனும் மார்ஷலும் அத்தகைய புண்ணுக்கு ஒரு நுண்கிருமியே முக்கிய காரணம் என்பதற்கு வழிகாட்டினார்கள். அதற்காக 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆயினும் ஒரு வட்டாரத்தில் நோய் மிகுந்தும் இன்னொன்றில் குறைந்தும் இருப்பதேன் என்ற கேள்வியில் உணவின் பங்கு இன்னும் விவாதிக்கப்படுகிறது. நெய்யூர் வைத்தியர்கள் முற்றிலும் சரியாகச் சொன்னார்களா என்பதல்ல இங்கே காண வேண்டியது. கண்டதை அச்சிலேற்றினார்கள், அதனாலேதான் பின்வந்தவர்கள் அதைச் சோதிக்கவும் திருத்தவும் இயன்றது.

ஆனால் அக்காலத்தில் கடல் கடந்து சென்றது முடிவுரை மட்டுமே. உடன் ஒன்றிரண்டு படங்கள் சென்றிருக்கலாம். மூலப் படங்களெல்லாம் ஆஸ்பத்திரி அலமாரிகளிலேயே கிடந்து பழுப்பேறுவது எந்த நாட்டிலும் வழக்கம். இந்த வழக்கத்துக்கு நேர்மாறாகப் பிறந்தது எக்ஸ்ரே என்பது ஒரு வேடிக்கை. 1895 நவம்பரில் அந்தக் கதிரைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன், 1896 ஜனவரி முதல் தேதியன்று தம் கட்டுரையின் பிரதிகளைத் தம் நண்பர்களான விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார், படங்களையும் இணைத்தார். அவற்றுள் ஒன்று மோதிரம் அணிந்த அவர் மனைவியின் கை எலும்புப் படம். சில நாட்களுக்குள் அச்செய்தி வியன்னா நாளிதழில் வெளியாகி உலகெங்கும் பரவியது. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை. மருத்துவப் படத்தை ஆராய்ச்சிக்காகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அந்தத் தபால் உறைகளிலிருந்தே தொடங்கியது எனலாம்.

கணிப்பொறி வந்த பின்னர் படம் எண்களாக மாறிற்று. ஆயினும் ஒரு கம்பெனியின் கருவி எடுத்த படத்தை மற்றொரு கம்பெனியின் கருவி படிக்க முடியாத நிலை இருந்தது. அமெரிக்கக் கதிரியல் வைத்தியர்களும் கருவி உற்பத்தியாளர்களும் கூடி 1985-இல் ஒரு பொது விதியை வகுத்தார்கள். அது வளர்ந்து 1993-இல் ‘டைகாம்’ என்ற பெயர் பெற்றது. இன்று ஸ்கேன் எடுத்தபின் நம் கையில் தரப்படும் தட்டில் உள்ளதும் பெரும்பாலும் இந்த வடிவமே. படத்தோடு நோயாளியின் பெயர், வயது, தேதி ஆகியவையும் அதற்குள்ளேயே பொதிந்திருக்கும்.

இதன் பயன் பெரிது. அமெரிக்காவில் ஏழு கல்வி நிலையங்கள் சேர்ந்து 1,018 நுரையீரல் ஸ்கேன்களைத் தொகுத்து இணையத்திலே எல்லோருக்கும் திறந்துவிட்டன. ஒவ்வொன்றையும் நான்கு வைத்தியர்கள் பார்த்தார்கள்; அவர்களுடைய கருத்து வேற்றுமையை மறைக்காமல் அப்படியே பதிந்தார்கள். என் மனத்துக்கு அத்தொகுப்பின் சிறந்த பகுதி அந்த வேற்றுமைதான். நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்வெட்டுகளாகப் படம் பிடித்து, ‘தரணி’ என்று பெயரிட்டு, கட்டணமின்றி உலகுக்கு வழங்கியது. 2016-இல் நீரிழிவுக் கண்நோயைக் கணிப்பொறி கண்டறியும் முறையை கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டபோது, அதற்கு ஆதாரமாக நின்ற 1,28,175 விழித்திரைப் படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களுடன் கூட்டாக 2017-இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்தின் வாயிலாக, குடும்ப நல நிலையங்களில் செவிலியர் விழித்திரையைப் படமெடுக்க, நகரத்திலுள்ளவர்கள் அதைப் பார்த்து நோயை இனங்காணும் முறை ஏற்பட்டது. படம் பயணம் செய்தது. நோயாளி பேருந்து ஏற வேண்டியதில்லை.

இத்தனை நன்மைக்கும் நடுவே ஓர் அச்சமும் உண்டு. பெயரை நீக்கிவிட்டால் படம் யாருடையது என்று தெரியாது என நெடுங்காலம் நம்பப்பட்டது. 2019-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆராய்ச்சியாளர்கள் 84 பேரின் தலை ஸ்கேன்களிலிருந்து முகத்தைத் திரும்ப உருவாக்கி, முகமறியும் கருவியிடம் காட்டினார்கள். 70 பேரை அது சரியாக அடையாளங் கண்டுவிட்டது. தலைப்படத்தைப் பகிரும் முன் முகப்பகுதியை அழிக்கும் வழக்கம் இதனால் மேலும் வலுப்பெற்றது. நம் எல்லைச் சிற்றூர்களிலே இவ்வளவு பாடுகூட வேண்டியதில்லை. அபூர்வமான நோய், வயது, ஊர்ப்பெயர் என்ற மூன்றும் தெரிந்தால் இன்னார் வீட்டுப் பெரியவர் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். நோயின் பெயரால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோவதும் நாம் காணாததல்ல.

ஆகையினால் சம்மதம் என்பது முக்கியமாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சிக்கு உட்படுவோரிடம் சம்மதம் பெறும் தாள் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். விரும்பினால் இடையிலே விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. தனிநபர் தகவலைக் காக்க 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. அதற்கு முன், 2021-இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமோ, நோயாளியின் சம்மதத்தின் பேரில் அவருடைய ஆவணங்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்ல வழிசெய்ய முற்படுகிறது. பாறசாலை மக்களைப் போன்றோருக்கு இதைவிடத் தேவையான ஏற்பாடு வேறு இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரி மேஜையில் என்ன நிகழ்கிறது? பரிசோதனைக்கு முன் ஒரு தாளை நீட்டி ‘இங்கே ஒப்பிடுங்கள்’ என்கிறார்கள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதியவர் அத்தாளில் உள்ள மலையாளத்தையோ ஆங்கிலத்தையோ கண்டு, ஸ்கேன் எடுப்பதற்குத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிக் கையெழுத்திடுகிறார். அதே தாளில் படத்தை ஆராய்ச்சிக்கு அளிக்கும் வரியும் இருக்கலாம். பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் நிலையும் இதுவே. ‘இதில் ஆராய்ச்சிக்கான சம்மதம் எது? அதைத் தமிழில் சொல்லுங்கள். படத்தின் பிரதியையும் எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. தம்மால் கேட்க இயலாதவர்கள் தமிழும் அவ்வூர் மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். தாளை வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடலாம்.