பனியில் விதைத்த மலர்கள்

மே மாதம் வந்ததும் கொங்கு நாட்டு மக்களாகிய நாம் உதகை மலர்க்காட்சியைக் காண மலையேறுகிறோம். வரிசை வரிசையாக அடுக்கிய பூந்தொட்டிகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். அம்மலர்களுக்கான விதை எந்தப் பருவத்தில் மண்ணில் விழுந்தது என்பதை நாம் எண்ணுவதில்லை.

நீலகிரி 1868-இல்தான் கோவையின் நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் அங்குச் சென்றார். 1822-இல் உதகையில் கல் வீடு எழுப்பத் தொடங்கினார். தோதவரும் கோத்தரும் படகரும் காலங்காலமாக வாழ்ந்துவந்த அம்மலையில் ஐரோப்பியக் காய்கறிகளும் மலர்களும் அதன்பின் இடம்பெற்றன. 1848-இல் கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் வந்து, தொட்டபெட்டா மலைச்சரிவைச் செதுக்கித் தாவரவியல் பூங்காவை அமைத்தார். மலர்க்காட்சி 1896-இல் தொடங்கியது.

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். செடியின் உயிரணுக்களிலுள்ள நீர் உறைந்தால் இளந்தளிர் கருகிவிடும். ஆயினும் பனி நீங்கட்டும் என்று காத்திருந்தால் மே மாதத்தில் பூ இராது. குளிர் நாடுகளில் முன்கூட்டியே பூப்பெற விரும்புவோர், குளிர்காலம் முடியுமுன்பே கண்ணாடிக் கூரையின்கீழ் விதைப்பர். உதகையிலும் நாற்றுப்பணி பனிக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பெட்டூனியா போன்றவற்றின் விதை தூசியளவே இருக்கும். அதை மணலோடு கலந்து தூவ வேண்டும்; முளைக்க ஒளி வேண்டுமாதலால் மண்ணால் மூடலாகாது. பேன்சி விதையோ இருளில் நன்கு முளைக்கும். நாற்று எழுந்தபின் மாலைதோறும் செடிக்கிளைகளால் போர்த்தி, விடியலில் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பர். பின்னர்ச் சிறிது சிறிதாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குவர். மூடியே வளர்த்த நாற்று வெளியில் நட்டதும் துவளும். பழகிய நாற்றே நிலைக்கும்.

சல்லிவனையும் மக்கைவரையும் வரலாறு பெயர்சொல்லிப் போற்றுகிறது, அது தகும். ஆனால் விறைக்கும் விடியலில் நீர்க்குடம் சுமந்தவர் யார்? சரிவில் மண் வெட்டியவர் யார்? பூவை நமக்குத் தந்த அக்கைகளுக்கு ஏட்டில் பெயரில்லை.

அடுத்த முறை பூங்காவுக்குச் செல்லும்போது, தொட்டியருகே நிற்கும் பணியாளரிடம், "இதை எப்போது விதைத்தீர்கள் ஐயா?" என்று கேட்போம். அவர் பெயரையும் கேட்டறிவோம்.