பத்தாயிரம் ரூபாய் சத்தியம்

ஓசூர் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் செய்தார். ராத்திரி சரியாகத் தூங்காத குரல்.

விஷயம் இதுதான். அவருக்கு வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், வீடு ஓசூரில். தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய்வர வைத்திருந்த பழைய ஆல்ட்டோவை விற்க முடிவு செய்தார். கே.ஏ. 51 நம்பர் வண்டி. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வந்து பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். 1,85,000 ரூபாய்க்குப் படிந்தது. 10,000 ரூபாய் அட்வான்ஸ் கைமாறியது. மீதிக்குப் பத்து நாள் தவணை. ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதிக்கொள்ளவில்லை.

நான்காவது நாள் பெங்களூரிலிருந்து இன்னொருவர் வந்தார். ‘2,05,000 தருகிறேன், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்’ என்றார். ஓசூர்க்காரருக்கு விற்றால் கர்நாடக ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்க அலைய வேண்டும். பெங்களூர்க்காரருக்குக் கொடுத்தால் அந்த வேலையே இல்லை, வெறும் பெயர் மாற்றம்தான். இருபதாயிரம் லாபம், அலைச்சலும் மிச்சம்!

“வாங்கின பத்தாயிரத்தை அப்படியே திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சுது, இல்ல சார்? அவருக்கு இதுல என்ன நஷ்டம்?” என்று கேட்டார் நண்பர்.

கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால், இதற்குப் பதில் சொல்ல ராஜாக்களும் ரிஷிகளும் ரோமாபுரிச் சக்கரவர்த்தியும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

முதலில் வார்த்தையைப் பார்க்கலாம். நாம் இன்று ‘அட்வான்ஸ்’ என்கிறோம். நம் தாத்தாக்கள் ‘அச்சாரம்’ என்றார்கள். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். அங்கே தெலுங்குக்காரரைக் கேட்டால் ‘சஞ்சகாரம்’ என்பார். கன்னடத்திலும் ‘சஞ்சகார’தான். இதற்கு மூலம் ‘சத்யங்காரம்’ என்ற சமஸ்கிருதச் சொல். நம்முடைய அச்சாரமும் இந்தக் குடும்பம்தான் என்கிறார்கள். சத்யங்காரம் என்றால் என்ன அர்த்தம்? சத்தியமாக்குவது. அதாவது, கொடுக்கிற காசு பொருளின் விலையில் ஒரு பகுதி மட்டுமல்ல, பேசிய பேச்சை உண்மையாக்குகிற காசு.

கன்னடத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. ‘உயிருக்கு ஆபத்து’ என்பதை அவர்கள் ‘ஜீவக்கே சஞ்சகார’ என்பார்கள். எமன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! வாங்கியாகிவிட்டது என்றால் அப்புறம் தப்ப முடியாது.

சரி, வாங்கிய பிறகு தப்பப் பார்த்தால்?

யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதற்கு ஒரே வரியில் தீர்ப்பு சொல்கிறது. சத்யங்காரமாக வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். சுமார் 900 வருடங்களுக்கு முன்பு, இன்றைய கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் இருக்கும் பசவகல்யாணில், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேஸ்வரர் என்ற பண்டிதர் இருந்தார். யாக்ஞவல்கியருக்கு அவர் எழுதிய உரைதான் புகழ்பெற்ற ‘மிதாக்ஷரம்’. அவர் இந்த வரியை அழகாகப் பிரித்துச் சொல்கிறார். வியாபாரம் பேசி, அதற்கு அடையாளமாக ஒருவர் தன் மோதிரத்தை மற்றவர் கையில் கொடுக்கிறார். கொடுத்தவரே பேச்சு மாறினால் மோதிரம் போச்சு. வாங்கியவர் மாறினால் மோதிரத்தின் மதிப்பைப்போல இரண்டு பங்கு தர வேண்டும்.

இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு வலி. கவனித்தீர்களா? கொடுத்தவருக்கு ஒரு மோதிரம் நஷ்டம். வாங்கியவருக்கும், மோதிரத்தைத் திருப்பியது போக, ஒரு மோதிரம் நஷ்டம்.

கௌடில்யர் கொஞ்சம் வேறு மாதிரி. அர்த்த சாஸ்திரம் என்ற நூல் இருந்தது என்பது தெரியும், முழு நூல் வெகுகாலம் யார் கைக்கும் கிடைக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசு நூலகத்தில் கொடுத்த ஓலைச்சுவடியில் அதைக் கண்டெடுத்து, 1909-ல் அச்சிட்டவர் அந்த நூலகத்தைச் சேர்ந்த சாம சாஸ்திரி. அதில், விற்ற பொருளைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவனுக்கு 12 பணம் அபராதம். பொருளில் குறை, எதிர்பாராத ஆபத்து போன்ற நியாயமான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. ஆனால், மனுஷன் மனசு மாறும் என்பது கௌடில்யருக்குத் தெரியும். அதனால், யோசித்துப் பின்வாங்க அவகாசமும் தருகிறார். வியாபாரிக்கு ஒரு ராத்திரி. விவசாயிக்கு மூன்று. மாடு மேய்ப்பவருக்கு ஐந்து!

ஏன் இந்த வித்தியாசம்? வியாபாரிக்குப் பொருளின் விலை விரல் நுனியில் இருக்கும், ஒரு ராத்திரி போதும். மற்றவர்களுக்கு விசாரிக்க, வீட்டில் பேச நேரம் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நம் நண்பர் எந்தக் கணக்கில் வருவார்? அட்வான்ஸ் வாங்கி நான்கு நாள் ஆகிவிட்டது. வியாபாரி என்றாலும் கெடு முடிந்தது, விவசாயி என்றாலும் முடிந்தது!

மேற்கே போவோம். பைபிளின் ஆதியாகமத்தில் யூதா ஓர் ஆட்டுக்குட்டி தருவதாகச் சொல்லி, அதற்கு அடையாளமாக முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் தாமாரிடம் கொடுக்கிறான். இங்கும் மோதிரம்தான்! அந்த அடைமானத்துக்கு எபிரேய மொழியில் ‘எராவோன்’ என்று பெயர். வியாபாரிகளோடு கப்பலேறிய அந்தச் சொல் கிரேக்கத்தில் ‘அர்ரபோன்’ ஆனது, லத்தீனில் ‘அர்ரா’ ஆனது. இன்றைக்கு கிரேக்கர்கள் கல்யாண நிச்சயதார்த்தத்தை அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டு, ‘இதைவிட நல்ல இடம் வந்திருக்கு’ என்று சொன்னால் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கி.பி. 528-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி ஒரு சட்டம் போட்டார். ஐந்து வருடம் கழித்து வெளியான அவருடைய சட்டப் பாடநூலிலும் அது இடம்பிடித்தது. வாங்குபவர் பின்வாங்கினால் அர்ரா போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்கு. விஞ்ஞானேஸ்வரர் சொன்னது அப்படியே! ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை. இரண்டு ஊரிலும் மனிதர்கள் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள், ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

1804-ல் பிறந்த பிரெஞ்சு சிவில் சட்டமும் 1590-வது பிரிவில் இதையேதான் சொன்னது. பிரெஞ்சுக்காரர்களோடு அந்தச் சட்டம் நம் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்து மட்டும் வேறு பாதையில் போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரில் வந்த சட்ட நூலில் இந்த ‘இரண்டு மடங்கு’ இருக்கிறது. ஆனால், வெளிநாட்டு வியாபாரிகளுக்காக முதலாம் எட்வர்ட் மன்னர் 1303-ல் கொடுத்த சாசனம் ஒரே போடாகப் போட்டது. ‘கடவுளின் காசு’ என்ற சின்ன நாணயம் கைமாறிவிட்டால் போதும், அப்புறம் இரண்டு பேருமே பின்வாங்கக் கூடாது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மீறினால் என்ன? கோர்ட்டுக்குப் போய் நஷ்டத்தை நிரூபித்து வாங்கிக்கொள் என்ற இடத்துக்குத்தான் ஆங்கிலச் சட்டம் கடைசியில் வந்து நின்றது. இரண்டு மடங்கு என்ற சுலபமான கணக்கு நடுவில் எங்கோ தொலைந்துபோனது.

1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தபோது நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சிந்தனைதான். அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது.

விளைவு? வாங்குபவர் பின்வாங்கினால் கதை சுலபம். 1946-ல் பழைய விமான உதிரிச் சாமான்களை 10 லட்ச ரூபாய்க்குப் பேசி, 2.5 லட்சம் முன்பணம் கட்டிய ஒரு காட்டன் மில், மீதியைக் கட்டவில்லை. முன்பணம் போனது போனதுதான் என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், விற்பவர் பின்வாங்கினால்? தானாக இரண்டு மடங்கு கிடையாது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால், 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பேசிய விலைக்கும் மார்க்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வழக்குப் போட்டு வாங்கலாம். ‘அந்த வண்டியேதான் வேண்டும்’ என்றும் கேட்கலாம், கொடுக்கச் சொல்வது நீதிபதியின் இஷ்டம்.

பழைய ஆல்ட்டோவுக்காக, ஷிஃப்டுக்கு லீவு போட்டு, வக்கீல் பிடித்து, வாய்தாவுக்கு அலைகிற தொழிலாளி யார்? அதனால்தான் ‘திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சுது’ என்று எல்லோரும் தைரியமாகச் சொல்கிறோம்.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ‘விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்கு தருவார்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 1872 சட்டத்தின் 74-வது பிரிவு அதை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, நியாயமான தொகையைக் கொடுக்கச் சொல்லும். ஒரு வெள்ளைத்தாள், நாலு வரி, இரண்டு சாட்சிக் கையெழுத்து. யாக்ஞவல்கியர் திரும்பி வர அது போதும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். “அப்ப இருபதாயிரம் தரணுமா?” என்றார். “சட்டப்படி அப்படி இல்லை. நியாயப்படி நீங்களே சொல்லுங்க” என்றேன். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். அந்த இளைஞரிடம் பேசினாராம். ‘அட்வான்ஸைத் திருப்பித் தர்றேன், கூட அஞ்சாயிரமும் தர்றேன்’ என்று சொல்லிப் பார்த்தாராம். அவர் கோபப்படவில்லை. “சேத்தெல்லாம் வேணாங்க சார். மீதிப் பணம் பத்தலைன்னு நேத்து என் பைக்கை வித்துட்டேன். நாளைக்கு மொத ஷிஃப்டுக்கு எப்படிப் போறதுன்னுதான் யோசிக்கிறேன்” என்றாராம்.

‘அவருக்கு என்ன நஷ்டம்?’ என்று காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பைக் விற்ற நஷ்டத்தை எந்தக் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? சீட்டு எழுதாத வியாபாரத்தில் அது யார் கணக்கிலும் வராது. அந்தக் கணக்கையெல்லாம் கிளறாமல் தீர்த்துவைக்கத்தான் ‘இரண்டு மடங்கு’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது.

ஆல்ட்டோ பேசிய விலைக்கே அந்த இளைஞருக்குப் போனது. என்.ஓ.சி.க்கு நண்பர் நாலைந்து தடவை லீவு போட்டு அலைந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்து, “உங்க யாக்ஞவல்கியரை வந்து கியூவுல நிக்கச் சொல்லுங்க சார்” என்று திட்டினார்.