ஒத்திகை நடந்த இடம்

எடின்பரோவின் விளிம்பு நாடக விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1947இலிருந்துதான் தொடங்குவார்கள். போர் முடிந்த கையோடு அந்த நகரம் ஒரு சர்வதேசக் கலை விழாவுக்கு ஏற்பாடு செய்தது. அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே போய், கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. மறு வருஷம் ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர் பத்திரிகையில், உத்தியோகபூர்வமான விழாவின் விளிம்பில் நடப்பவை என்று இவற்றைக் குறிப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அந்த எட்டில் ஒரு குழு எடின்பரோவிலேயே ஆடவில்லை. கழிமுகத்துக்கு அப்பால், டன்ஃபர்ம்லின் என்ற ஊரின் பழைய மடாலயத்தில் ஆடியது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம். அப்படியும் அதை எட்டோடு சேர்த்தே எண்ணினார்கள்.

ஆவடியில் ஆடிய ஒரு குழுவை நாம் எண்ணியிருப்போமா என்பது என் சந்தேகம்.

நம் நவீன நாடகத்தின் சரித்திரம் மேடையேற்றங்களின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் பரீக்ஷா, அதே வருஷம் மதுரையில் நிஜ நாடக இயக்கம், 1984இல் சென்னைக் கலைக்குழு. யார் எழுதியது, யார் இயக்கியது, எந்த அரங்கில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதம் ஒத்திகை பார்த்து இரண்டு தடவை ஆடிவிட்டுக் கலைந்துபோவதுதான் இந்தக் குழுக்களில் பெரும்பாலானவற்றின் நடைமுறை. இரண்டு மாலைகளைப் பற்றி எழுதிவிட்டோம். மூன்று மாதங்களைப் பற்றி எழுதவில்லை. அந்த மூன்று மாதம் எங்கே கழிந்தது, யாருடைய மொட்டை மாடியில், எந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில், எந்த ஷிஃப்டுக்கும் எந்த ஷிஃப்டுக்கும் நடுவில் என்பது தெரியாமல் அந்த இரண்டு மாலைகளும் விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்வி பழைய அமெச்சூர்களுக்கு எழவில்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாஸ சபையில் இருந்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், படித்தவர்கள். மாலைப் பொழுதும், கூடிப் பேசக் கட்டிடமும் அவர்களுக்கு இருந்தன. தீரர் சத்தியமூர்த்தி அந்த சபையில் 'மனோகரா'வில் நடித்தவர். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி சோஷலிஸ பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோது, அதற்காக எழுப்பிய தற்காலிக நகருக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். ஓர் அமெச்சூர் நடிகரின் பெயரில் ஆவடியில் ஒரு நகரமே எழும்பி, சில நாட்களில் பிரிக்கப்பட்டது. நாடகத்துக்கும் ஆவடிக்கும் சரித்திரம் அனுமதித்த உறவு அவ்வளவுதான் போலிருக்கிறது.

பிறகு அந்தப் பக்கத்தின் முகம் மாறியது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்து, 1965இல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள், வெல்டிங் பட்டறைகள். இந்தச் சொல்லை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ந. முத்துசாமியும் நண்பர்களும் தங்கள் குழுவுக்குக் கழகம் என்றோ மன்றம் என்றோ சபை என்றோ பெயர் வைக்காமல் பட்டறை என்று வைத்தார்கள். கையும் உடம்பும் வேலை செய்து ஒரு பொருளை உருவாக்கும் இடம் என்று அர்த்தம். முடிந்த பொருளைவிட அதைச் செய்யும் இடத்தைப் பெயராகச் சூட்டிக்கொண்டது நம் கலைச் சூழலில் புதிய பிரக்ஞை. ஆனால் அதே சொல்லைத் தினமும் வாயில் வைத்துப் புழங்கியவர்கள் அம்பத்தூரில் எண்ணெய்க் கறையோடு நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பட்டறைகளும் சந்தித்ததாக எங்கும் குறிப்பு இல்லை.

கூத்தைத் தேடிப் போன கதையும் இப்படித்தான். முத்துசாமி புரிசையின் கூத்தை நாடகம் என்று, நம் தியேட்டரே இதுதான் என்று வாதாடியது பெரிய காரியம். 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகள் இல்லையென்றால் கூத்தை இன்னமும் திருவிழா வேடிக்கை என்றே நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருப்போம். கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து நடிகர்கள் அடவு கற்றார்கள். அது ஒரு பக்கம். சென்னையிலிருந்து புரிசைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் என்று பஸ் போகும். அந்த நாளில் பூந்தமல்லியும் ஆவடியும் அம்பத்தூரும் செங்கல்பட்டு மாவட்டம். பாரதக் கூத்து விடிய விடிய நடந்த கிராமங்கள் நிறைந்த மாவட்டம். பஸ் ஜன்னல் வழியாக அந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டே நாம் புரிசைக்குப் போனோம். நானும் போனேன். பரம்பரை என்ற சுத்தத்தைத் தேடிப் போகிறவனுக்கு, பகலில் தொழிற்சாலைக்குப் போய்விட்டு ராத்திரி கிரீடம் கட்டுகிறவன் கண்ணில் படுவதில்லை.

1984இல் சங்கீத நாடக அகாதெமி இளம் நாடகக்காரர்களுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பத்து வருஷம் நடந்தது. மண்டல விழா, அதிலிருந்து தேர்வாகி தேசிய விழா. நாட்டார் வடிவங்களோடு உறவு கொண்ட நாடகங்களை அது எதிர்பார்த்தது. நல்ல நாடகங்கள் சில அதனால் வந்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதுவரை நாடகம் தயாரான பிறகு நாளைத் தேடினார்கள். இப்போது விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒத்திகையை வகுத்தார்கள். இரண்டு பறை, ஒரு கட்டியங்காரன், கொஞ்சம் அடவு என்று ஒரு கலவை தயாரானது. எடின்பரோவில் 1958இல் விளிம்புக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டபோது, யாரையும் தேர்வு செய்வதில்லை என்பதைக் கொள்கையாகக் கொண்டார்கள். நம் விழாக்களின் அஸ்திவாரமே தேர்வுதான்.

தில்லிப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. 1978இல் ஜன நாட்டிய மஞ்ச் 'மஷீன்' என்ற தெரு நாடகத்தோடு தொழிலாளர்களிடம் போனது. 1989 ஜனவரி முதல் தேதி, தில்லியின் விளிம்பான சாகிபாபாத் தொழிற்பேட்டைப் பகுதியில் ஆடிக்கொண்டிருந்தபோது சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். அது தொழிலாளர்களுக்காக ஆடிய நாடகம். நான் கேட்பது அதுவுமில்லை. தொழிலாளியே நடிகனாக இருந்த நாடகம் என்ன ஆயிற்று என்பது.

ஒன்று என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். 1981இல் அம்பத்தூரில் நாங்கள் ஆறு பேர். இரண்டு பேர் லேத் பட்டறை, ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் பாங்க், ஒருவர் வேலை தேடிக்கொண்டிருந்தார், நான். முந்தைய வருஷம் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சிப் பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் எங்கள் மூலதனம். மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், பிரதிகூட வேண்டாம், உடம்பிலிருந்து நாடகம் வரும் என்று நம்பினோம். ஓர் ஆரம்பப் பள்ளியின் வகுப்பறை ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பதினொரு ஞாயிறு. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த ஒருவர் எப்போதும் முதல் அரை மணி நேரம் தூங்குவார். அவர் தூங்குவதையே நாடகத்தின் முதல் காட்சியாக வைத்துக்கொண்டோம். மற்றவர்கள் இயந்திரமாகி அவரைச் சுற்றி ஓடத் தொடங்குவார்கள். அவர் விழிக்கும்போது இயந்திரம் நிற்க வேண்டும். எந்த நிமிஷம் விழிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் நான் பார்த்த நல்ல நாடகங்களில் அதைச் சேர்ப்பேன். பார்த்தவன் என்று சொல்வதும் பிசகு, நான் அந்த இயந்திரத்தின் சக்கரம்.

நகரத்தில் நான்கு குழுக்கள் சேர்ந்து ஒரு மாலை நடத்துவதாக ஏற்பாடு. அனுமதிக்கு விண்ணப்பித்தபோது பிரதி கேட்டார்கள். எங்களிடம் பிரதி இல்லை. நடந்ததை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஆசிரியர் நண்பர் உட்கார்ந்தார். 'தூங்குகிறான். விழிக்கிறான்.' அதற்கு மேல் ஓடவில்லை. நாடகம் எங்கே என்று கேட்டார்கள். பிரதி இருந்த மற்றக் குழுக்கள் ஆடின.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1876இல் ஆங்கிலேயன் போட்ட நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் வாரிசாக, 1954இல், எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய புயலுக்கு நடுவே சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. நாடகம் என்றால் எழுதப்பட்ட வசனம், அதை முன்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டால் நாடகத்தைப் பார்த்ததாகிவிடும் என்ற நம்பிக்கையில் காவல் நிலையங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரதிகளைப் படித்தன. (இவ்வளவு நாடகம் படித்த வேறு வாசகர் கூட்டம் தமிழில் கிடையாது.) வசனத்தை ராத்திரியோடு ராத்திரியாக வளர்த்துக்கொண்டு போகும் கூத்துக்காரன் எந்தப் பிரதியைக் காட்டுவான்? இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் பரீக்ஷாவின் ஞாநி. 2013 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பு வந்தது. பரீக்ஷாவின் நாடகங்களைப் பற்றி எனக்குக் கருத்து வேற்றுமைகள் உண்டு. பிரசங்கம் சற்று அதிகம். ஆனால் இந்த ஒரு வழக்கு, இதற்கு முன்னும் பின்னும் நாடகம் தயாரித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆறு பேருக்காகவும் நடந்தது. ஞாநி 2018 ஜனவரியிலும் முத்துசாமி அதே வருஷம் அக்டோபரிலும் காலமானார்கள். இரங்கல் கட்டுரைகளில் இந்த வழக்குக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது, சிலவற்றில் அதுவும் இல்லை.

2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆவடி 2019இல் தானே ஒரு மாநகராட்சி. தீர்ப்பு வந்த வருஷம் அந்தப் பள்ளிப் பக்கம் போயிருந்தேன். மாடி கட்டியிருக்கிறார்கள், வகுப்பறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தூங்குகிறவராக நடித்தவர் ரிடையராகி அங்கேயே பக்கத்தில் இருந்தார். இப்போது பிரதி கேட்க மாட்டார்களாம் என்றேன். 'அப்ப பேராவது வச்சிருக்கலாம்ல சார்' என்றார். எங்கள் நாடகத்துக்குக் கடைசிவரை நாங்கள் பெயர் வைக்கவில்லை.