மீசையில் ஒட்டிய மண்

1986-இல் வங்கி என்னைக் கோல்ஹாப்பூருக்கு மாற்றியது. குடிபோன வீட்டுக்குப் பின்சந்தில் ஒரு தாலீம் இருந்தது. பயில்வான்கள் தங்கிப் பழகும் கூடத்துக்கு மராத்தியில் அதுதான் பெயர். விடிகாலை நாலரைக்கே சரக் சரக்கென்று மண்வெட்டிச் சத்தம் கேட்கும். தூக்கம் கெட்ட கோபத்தில் ஒருநாள் இறங்கிப் போனவன், அந்த ஊரில் இருந்த ஐந்து வருஷமும் போய்க்கொண்டே இருந்தேன்.

அங்கே முதல் பயிற்சியே கோதாவைக் கொத்துவதுதான். சலித்த செம்மண்ணில் மோர், எண்ணெய், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கற்பூரம் எல்லாம் சேர்த்துப் பிசிறுவார்கள். புட்டு மாவுப் பதம் வரவேண்டும். பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். குருவை வஸ்தாத் என்பார்கள். நம் சிலம்பக்கூடத்து வஸ்தாதுவேதான். அறுபது வயது, நசுங்கிப்போன காதுகள். மண்ணை முகர்ந்து பார்த்தே இன்னும் மோர் வேண்டுமா என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் அரும்புமீசைப் பையன் ஒருவனைப் பெரியவன் ஒருவன் கால்வாரி விட்டான். குப்புற விழுந்தவன் மேல் அவன் ஏறி அமுக்க, பையனின் மோவாய் மண்ணில் புதைந்தது. எங்கள் ஊரில் மீசையில் மண் ஒட்டுவது பற்றி ஒரு பழமொழி உண்டு என்று வஸ்தாதிடம் விளக்கினேன். அவர் கோதாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சாஹேப், அவன் எங்கே தோற்றான்? முதுகைப் பாருங்கள்.”

பையனின் முதுகில் ஒரு பொட்டு மண் இல்லை.

மண் குஸ்தியில் தோல்வி ஒன்றுதான்: மல்லாந்து, முதுகும் தோளும் தரையில் படுவது. சீத்பட் என்பார்கள். குப்புறக் கிடப்பவன் மண்ணைக் கவ்விக்கொண்டு மூச்சைச் சேமிக்கிறான். எத்தனை நேரமானாலும் ஆட்டம் உயிரோடுதான் இருக்கிறது. அத்தனை வருஷம் அந்தப் பழமொழியை அரைகுறையாகத்தான் அறிந்திருந்தேன் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

இந்த மண்ணுக்கு அரியணையின் ஆதரவு கிடைத்தது ஷாஹு மகாராஜாவால். 1894 முதல் 1922 வரை ஆண்டவர். தாமே குஸ்தி பழகியவர். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்குச் சீமைக்குப் போன பயணத்தில் ரோமாபுரியின் பழைய வட்டரங்கைப் பார்த்தார். ஊர் திரும்பி அவர் கட்டத் தொடங்கிய காஸ்பாக் மைதானம் 1912-இல் முடிந்தது. பெரிய கிண்ணம் போன்ற அமைப்பு. அடியில் கோதா, சுற்றிலும் சரிந்தேறும் இருக்கை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எந்தத் தலையும் மறைக்கவில்லை. நம் பறையின் உடன்பிறப்பான ஹல்கி அங்கே அதிரும்போது நெஞ்செலும்பு நடுங்கும்.

இதே ஊர் மண்ணில் தேறியவர்தான் கராட் அருகே கோலேஷ்வர் கிராமத்துக் காஷாபா ஜாதவ். கோல்ஹாப்பூர் மகாராஜாவின் உதவியோடு 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். அங்கே விரித்திருந்தது மெத்தை. விரல் ஊன்றிப் பழகிய காலுக்கு அது வேறு உலகம்; இருந்தும் ஆறாவது இடம் பிடித்தார். 1952 ஹெல்சிங்கிக்குப் போகப் பணமில்லை. ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அந்த ஆசிரியரை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். காஷாபா வெண்கலத்தோடு வந்தார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் வென்று தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஊரார் நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் கட்டி அழைத்துப் போனார்கள். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு, 1996-இல் லியாண்டர் பயஸ் வரும்வரை, நாடு 44 ஆண்டுகள் காத்திருந்தது. 1984-இல் சாலை விபத்தில் காஷாபா இறந்தார். அர்ஜுனா விருது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்றைய மெத்தைக் குஸ்தியில் எதிராளியைக் குப்புறத் தள்ளி அடக்கினாலே புள்ளி. பையன்கள் இரண்டையும் பழகவேண்டியிருக்கிறது. போன தை மாதம் அந்தத் தாலீமுக்குப் போனேன். பழைய வஸ்தாத் இல்லை. அவர் மகன் இருக்கிறார். பக்கத்து அறையில் மெத்தை விரித்திருந்தார்கள். கோதாவில் மோர்வாடை அப்படியே இருந்தது. ஒரு பையன் குப்புறக் கிடந்தான். மூக்கு, உதடு, மீசை எல்லாம் செம்மண். மேலே இருந்தவன் புரட்டப் பார்த்துக் களைத்துக்கொண்டிருந்தான். மகன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பேசாமல் நின்றார். ஆட்டம் முடிந்திருக்கவில்லை.