அசையாத கோடு

விண்மீன்களுக்கு இடைப்பட்ட பரப்பை வெற்றுவெளி என்றே நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை அசைத்தது, தான் அசையாதிருந்த ஒரு கோடு.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானாய்வுக்கூடத்தில் 1904ஆம் ஆண்டில் யோகன்னஸ் ஹார்ட்மன் என்னும் அறிஞர், ஓரியன் விண்மீன் குழுவைச் சேர்ந்த டெல்டா ஓரியானிஸை ஆராய்ந்தார். அது துணையோடு சுற்றிவரும் இரட்டை விண்மீன். ஆதலின், அது நம்மை நெருங்குகையிலும் விலகுகையிலும் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும் சிவப்புப்பக்கமுமாக மாறிமாறி நகர்தல் இயல்பு. மற்றக் கோடுகள் அவ்வாறே நகர்ந்தன. கால்சியத்தின் கோடு ஒன்று மட்டும் நகரவில்லை. அஃது அவ்விண்மீனுக்கு உரியதன்று, இடைவழியில் கிடக்கும் வாயுவுக்கு உரியது என்று அவர் முடிவு செய்தார். 1919இல் அமெரிக்காவின் லிக் வானாய்வுக்கூடத்தில் மேரி லீ ஹெகர் சோடியத்துக்கும் அத்தகைய கோடுகளைக் கண்டார்.

வாயு உண்டெனின், அதில் எத்தனிமம் எவ்வளவு? பல தனிமங்களின் முதன்மைக் கோடுகள் புற ஊதா ஒளியிலேயே அமைகின்றன. அவ்வொளியையோ நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. காற்றுமண்டலத்துக்கு அப்பால் தொலைநோக்கியை நிறுவுதலின் பயனை லைமன் ஸ்பிட்சர் 1946லேயே எடுத்துரைத்தார். 26 ஆண்டுகள் கழித்து, 1972 ஆகஸ்டு 21ஆம் நாள், அவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் உருவாக்கிய கருவியைச் சுமந்து கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் விண்ணேறியது.

சீட்டா ஓபியூக்கி என்னும் விண்மீனின் திசையில் கிடக்கும் வாயுவைப் பற்றி அக்கருவியும் தரையிலுள்ள தொலைநோக்கிகளும் தந்த கணக்கு வியப்புக்குரியது. கந்தகம் ஏறத்தாழச் சூரியனில் உள்ள விகிதத்திலேயே இருந்தது. இரும்போ அவ்விகிதத்தில் நூற்றில் ஒரு பங்களவே இருந்தது. கால்சியம் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. முதலில் தன்னைக் காட்டிய தனிமமே மிகுதியும் மறைந்து நின்றது!

மறைந்தவை எங்கே சென்றன? உயர்ந்த வெப்பநிலையிலேயே திண்மமாக உறையும் தனிமங்கள்தாம் மிகுதியாகக் குறைந்துள்ளன என்பதை 1974இல் ஜார்ஜ் ஃபீல்டு சுட்டிக்காட்டினார். அவை அழியவில்லை, வாயுவை நீங்கி நுண்தூசியாகத் திரண்டுள்ளன. அத்தகைய தூசியே நம் பூமி போன்ற கோள்களுக்கு மூலப்பொருள்.

இருப்பதை அளப்பது அறிவியலின் ஒரு பாதி. இருக்கவேண்டியதில் எவ்வளவு இல்லை என்று கணக்கிட்டு, அக்குறைக்குக் காரணம் தேடுவது மறுபாதி. கோள்களின் தோற்றத்துக்கு வழிகாட்டியது அந்த மறுபாதியே.